பேய்ப் படமும் துக்க வீடும்

"ஹெரிடிட்டரி" என்னும் பேய்ப் படம் ஒன்று 2018-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் வெளியாகிப் பிறகு உலகமெங்கும் ஓடிற்று. "பரம்பரையாய் வருவது" என்பது அப்பெயருக்குப் பொருள். ஆரி ஆஸ்டர் என்பவர் கதை எழுதி டைரக்ட் செய்த முதல் முழு நீளப் படம் இது. சுமார் ஒரு கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு எட்டுக் கோடி டாலருக்கு மேல் வசூலித்திருக்கின்றது. இன்றும் பேய்ப் படங்களில் தலைசிறந்தது எது என்று யாராவது கேட்டால், பலர் இதன் பெயரைத்தான் முதலில் சொல்லுகின்றார்கள்.

பேய்ப் படத்தைப் பற்றி இப்பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பேயே இல்லை என்று வாரந்தவறாமல் எழுதுகிறவர்கள் பேய்ப் படத்தைப் போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நண்பர் நம்மைக் கேலியும் செய்தார். பார்த்தோம். சில இடங்களில் பயந்தும் போனோம். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. இருட்டில் திடீரென்று சத்தம் கேட்டால் நெஞ்சு படபடப்பது உடம்பின் குணமே தவிர, பேய் உண்டு என்பதற்கு அத்தாட்சியாகாது. நாம் எழுத வந்தது பயத்தைப் பற்றியல்ல. அந்தப் படம் துக்க வீட்டைப் பற்றிச் சொல்லும் ஒரு மெய்யையும், பிறகு அதே துக்க வீட்டின் மீது ஏற்றிவைக்கும் ஒரு பெரிய பொய்யையும் பற்றித்தான்.

கதை இதுதான். ஆனி என்பவள் அறைகளையும் வீடுகளையும் சின்னஞ்சிறு பொம்மைகளாகச் செய்யும் தொழிலுடையவள். அவள் தாய் இறந்து போகின்றாள். தாய்க்கும் மகளுக்கும் உயிரோடிருந்த காலத்தில் ஒத்துப்போனதில்லை. ஆகவே அழுகை வரவில்லையே என்பதே ஆனிக்கு ஒரு துக்கமாக இருக்கின்றது. ஆனிக்குக் கணவன் ஸ்டீவ், மகன் பீட்டர், இளைய மகள் சார்லி. ஒரு நாள் இரவு பீட்டர் நண்பர் வீட்டு விருந்துக்குப் புறப்படுகிறான். தங்கையையும் அழைத்துப் போ என்று தாய் வற்புறுத்துகிறாள். கொட்டைப் பருப்புப் பதார்த்தம் ஒத்துக்கொள்ளாத உடம்பு அந்தப் பெண்ணுக்கு. விருந்தில் அது கலந்த கேக்கைத் தின்று விடுகிறாள். மூச்சு அடைக்கின்றது. அண்ணன் அவளைக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறக்கின்றான். காற்றுக்காக அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறாள். சாலையில் செத்துக் கிடந்த மிருகத்துக்கு விலகக் காரைத் திருப்பியதில், ஓரத்திலிருந்த கம்பத்தில் மோதி அவள் தலை போய்விடுகின்றது.

அதன் பிறகு அந்தப் பையன் செய்வதை நாம் மறக்கவே முடியவில்லை. அவன் கூச்சல் போடவில்லை; யாரையும் கூப்பிடவில்லை. காரை மெள்ள ஓட்டி வீடு வந்து, ஒன்றும் பேசாமல் படுக்கையில் போய்ப் படுத்துக் கொள்ளுகிறான். காலையில் தாய் காரைத் திறக்கின்றாள். அவள் அலறுவதை நாம் கேட்கின்றோம். படம் பையனுடைய முகத்தை மாத்திரம் காட்டிக்கொண்டிருக்கின்றது. டோனி கொலெட் என்னும் நடிகை அந்தத் தாயாகத் தரையில் விழுந்து, நான் செத்துப்போக வேண்டும் என்று கதறுகிறாள். அந்தக் கதறலில் பேயுமில்லை, மந்திரமுமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த எந்த வீட்டிலும் கேட்கக்கூடியது அது.

பிறகு ஒரு இரவுச் சாப்பாட்டுக் காட்சி. கணவனும் மனைவியும் மகனும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. மனதில் இருப்பதைச் சொல்லித் தொலையேன் என்று மகன் கேட்கப்போக, தாய் வெடிக்கின்றாள்: செய்ததை ஒப்புக்கொள்ளவும் உனக்கு வாயில்லையே என்கிறாள். மகன் பதிலுக்கு, அவளை விருந்துக்கு அனுப்பியது யார் என்கிறான். கணவன் இரண்டு பேரையும் அடக்கப் பார்க்கிறானே தவிர, தன் துக்கத்தை ஒரு வார்த்தையில்கூட வெளிவிடுவதில்லை. சாவு விழுந்த வீட்டில் குற்றம் யார் மேல் என்னும் கேள்வி எப்படி ஒவ்வொருவர் தொண்டையிலும் முள்ளாய் நிற்கின்றது என்பதை இவ்வளவு உண்மையாகக் காட்டிய படங்கள் சிலவே. இதற்காக அந்த டைரக்டரை நாம் மனப்பூர்வமாய்ப் பாராட்டுகின்றோம். படம் அந்த மேஜையோடு நின்றிருந்தால் இந்தத் தலையங்கத்துக்கு அவசியமே இருந்திருக்காது.

நிற்க. துக்கம் கொண்டவர்கள் பலர் கூடித் தத்தம் கதையைச் சொல்லி ஆறுதலடையும் கூட்டம் ஒன்றுக்கு ஆனி போவதுண்டு. வட்டமாய் நாற்காலி போட்டுக்கொண்டு மனிதர் மனிதரிடம் பேசும் கூட்டம் அது. அங்கே செத்தவரைத் திருப்பிக் கொண்டு வருவதாக யாரும் சொல்லுவதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் வாசலில், கார்கள் நிற்கும் இடத்தில், ஜோன் என்னும் ஒரு அம்மாள் ஆனியைப் பிடித்துக் கொள்ளுகிறாள். தானும் மகனையும் பேரனையும் தண்ணீருக்குப் பறிகொடுத்தவள் என்று சொல்லி உருகுகிறாள். சில நாள் கழித்து, என் பேரன் என்னோடு பேசுகிறான், வந்து பார் என்கிறாள். மேஜையில் கைவைக்கச் சொல்லுகிறாள். கண்ணாடித் தம்ளர் நகருகின்றது. சிலேட்டில் தானாகவே எழுத்து விழுகின்றது. அவ்வளவுதான், புத்திசாலியான ஆனி மந்திரத்தை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறாள்.

இந்த இடத்தில் படம் சரித்திரத்தை வெகு சரியாகப் பிடித்திருக்கின்றது. துக்க வீட்டின் வாசலில் காத்திருப்பவர்கள் என்றைக்கும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த வியாபாரம் துவங்கியது 1848-ம் வருஷம் மார்ச்சு 31-ந் தேதி நியூயார்க் மாகாணத்தில் ஹைட்ஸ்வில் என்னும் சிற்றூரில் என்று சொல்லலாம். ஃபாக்ஸ் என்னும் குடும்பத்துச் சிறு பெண்கள் இருவர், செத்தவனுடைய ஆவி தட்டிப் பேசுகிறது என்று கிளப்பி விட்டார்கள். பெரிய மனிதர்களெல்லாம் நம்பினார்கள். நாற்பது வருஷம் கழித்து 1888 அக்டோபரில், அவர்களில் ஒருத்தியான மார்கரெட், நியூயார்க்கில் நிறைந்த சபையில் மேடையேறி, அந்தத் தட்டல் எல்லாம் தன் கால்விரல் மூட்டை நொடித்துச் செய்த சத்தமே என்று ஒப்புக்கொண்டு, செருப்பைக் கழற்றிச் செய்தும் காட்டினாள். மறு வருஷமே அந்த ஒப்புதலை வாபஸ் வாங்கிக் கொண்டாள் என்பது வேறு சங்கதி. வியாபாரம் மட்டும் ஒரு நாள் கூட நிற்கவில்லை. நிற்காததற்குக் காரணம் கால்விரலில் இல்லை. கேட்க வந்தவர்களின் நெஞ்சில் இருந்தது.

ஜோன் அம்மாளின் சிலேட்டும் புதிதல்ல. ஹென்றி ஸ்லேட் என்னும் அமெரிக்கன் 1876-ல் லண்டனுக்கு வந்து, ஆவிகள் என் சிலேட்டில் எழுதுகின்றன என்று பணம் வாங்கிக்கொண்டு காட்டி வந்தான். ரே லாங்கெஸ்டர் என்னும் விஞ்ஞானி, ஆவி எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே சிலேட்டைப் பிடுங்கிப் பார்த்தார். எழுத்து முன்னமே அங்கே இருந்தது! வழக்கு நடந்து மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அப்பீலில் சட்டத்தின் சொல் நுணுக்கம் ஒன்றைச் சொல்லித் தப்பித்துக் கொண்டான். மேஜை நகருவதோ இன்னும் பழைய விஷயம். 1853-லேயே மைக்கேல் ஃபாரடே மேஜைக்கும் கைக்கும் நடுவில் நழுவக் கூடிய அட்டைகளை வைத்துப் பரீட்சித்து, மேஜை கையை இழுக்கவில்லை, கைதான் தன்னையறியாமல் மேஜையைத் தள்ளுகிறது என்று காட்டிவிட்டார். கவனிக்க வேண்டியது, "தன்னையறியாமல்" என்பதை. மேஜையில் கைவைக்கும் தாய் ஏமாற்றுக்காரியல்ல. பிள்ளை வரவேண்டும் என்று அவள் கை ஆசைப்படுகின்றது. அந்த ஆசைக்கு விலைபோட்டு விற்பவனே ஏமாற்றுக்காரன்.

இதில் படித்தவர், படியாதவர் என்ற வித்தியாசமே கிடையாது. ஆலிவர் லாட்ஜ் என்பவர் மின்சார அலைகளைப் பற்றி ஆராய்ந்த பெரிய பௌதிக சாஸ்திரி. அவர் மகன் ரேமண்ட் 1915-ல் யுத்தத்தில் மாண்டான். மறு வருஷமே லாட்ஜ், மகனுடைய ஆவியோடு மீடியம் மூலமாய்ப் பேசியதாக ஒரு பெரும் புஸ்தகம் வெளியிட்டார். மேலுலகத்தில் சுருட்டும் விஸ்கியும் கிடைக்கின்றன என்று அந்த ஆவி சொன்னதாகக்கூட அதில் அச்சிட்டார்! ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் மகா துப்பறிவாளனைப் படைத்த கானன் டாயிலின் மகனும் 1918-ல் இறந்தான். ஒரு சாம்பல் துகளைக் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் பாத்திரத்தை எழுதியவர், மீடியங்களின் மறைப்புத் துணிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத் துணியவில்லை. இவர்களை நாம் பரிகசிக்க விரும்பவில்லை. அறிவு எவ்வளவு பெரியதாயிருந்தாலும், பிள்ளை செத்த நாளில் அது சற்றே உட்கார்ந்து விடுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

படத்தின் பொய் இனிமேல்தான் வருகின்றது. ஜோன் அம்மாள் ஏமாற்றுக்காரி என்பது படத்தில் வெளிப்படத்தான் செய்கின்றது. அவள் செத்துப்போன பாட்டியின் பழைய கூட்டாளி; பைமன் என்னும் நரகத்து அரசனைக் கும்பிடும் கூட்டத்தைச் சேர்ந்தவள். ஆனால் எதில் ஏமாற்றினாள்? தம்ளரிலும் சிலேட்டிலும் அல்ல. அவையெல்லாம் படத்தில் நிஜம். எந்த ஆவி வருகிறது என்பதில்தான் ஏமாற்றினாளாம்! அதாவது ஆவிக்காரியைக் கண்டித்து, ஆவியை நிலைநாட்டி விடுகின்றது படம். கள்ளச் சாமியார் மோசம், நல்ல சாமியார் உண்டு என்று சொல்லுகிற வாதத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அத்தோடு விடவில்லை. இதெல்லாம் உன் மனோவியாதி, வைத்தியரைப் பார்ப்போம் என்று சொல்லும் கணவன் மட்டும் நெருப்புப் பிடித்துச் சாகிறான். வீட்டில் நம்பிக்கையில்லாதவன் ஒருவன் இருந்தான்; அவனையும் எரித்தாய் விட்டது.

இன்னொரு அநியாயம். சார்லியின் தலையைக் கொண்டு போன அந்தக் கம்பத்தில் பைமனுடைய சின்னம் பொறிக்கப்பட்டிருப்பதாகப் படம் காட்டுகின்றது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? விருந்துக்கு அனுப்பிய தாயின் பிடிவாதம், தங்கையைக் கவனியாமல் விட்ட அண்ணனின் அஜாக்கிரதை, சாலையில் கிடந்த மிருகம், எல்லாமே முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்ட ஏற்பாடு என்றாகின்றது. சாப்பாட்டு மேஜையில் தாயும் மகனும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட அந்தக் கொடிய கேள்விக்குப் படம் சொல்லும் பதில், "எல்லாம் தலையெழுத்து" என்பதுதான். நம்மூர்த் துக்க வீட்டில் புரோகிதன் சொல்லும் பதிலுக்கும் இதற்கும் எள்ளளவும் பேதமில்லை. இதற்குக் காமிராவும் வாத்தியமும் அதிகம், அவ்வளவே. இரண்டு பேர் தங்கள் தங்கள் தப்பை ஒப்புக்கொண்டு, ஒருவரையொருவர் மன்னித்து, செத்தவள் செத்தவள்தான் என்று தெரிந்துகொண்டு வாழ்வது எவ்வளவு கஷ்டமான காரியம்! அந்தக் கஷ்டத்திலிருந்து படம் தப்பித்துக் கொண்டு பேயிடம் போய்ச் சேர்ந்தது.

எல்லாவற்றிலும் நமக்கு மிகவும் மனவருத்தம் தந்தது ஆனியின் அண்ணன் சங்கதி. அவன் திரையில் வருவதில்லை. பதினாறாவது வயதில் தூக்குப் போட்டுக் கொண்டான் என்றும், ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனநோய் உள்ளவன் என்றும், தாய் தனக்குள் யார் யாரையோ புகுத்தப் பார்க்கிறாள் என்று எழுதி வைத்துவிட்டுச் செத்தான் என்றும் ஆனி அந்தத் துக்கக் கூட்டத்தில் சொல்லுகிறாள். படம் முடியும்போது பார்த்தால், அவன் சொன்னது முழுக்க மெய்! அவனுக்கு வியாதியே இல்லை. பாட்டி உண்மையிலேயே பேயைத்தான் புகுத்தப் பார்த்தாள்! இது கதைக்கு ருசியாக இருக்கலாம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி இந்த நோயுடையவர்கள் உலகத்தில் சுமார் 2 கோடியே 40 லட்சம் பேர். அதாவது ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர். தன்னுள் வேறு ஒருவர் புகுந்து ஆட்டி வைக்கிறார்கள், தன் நினைவு தன்னுடையதல்ல என்று தோன்றுவது அந்த நோயின் நன்றாகத் தெரிந்த அடையாளங்களில் ஒன்று. மருந்துண்டு, வைத்தியமுண்டு. அந்த வீடுகளில், இது பேயல்ல அப்பா, வியாதி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரு தாயோ தமக்கையோ மன்றாடிக்கொண்டிருக்கும்போது, பேய்தான், உன்னைச் சுற்றியிருப்பவர்கள்தான் புகுத்துகிறார்கள் என்று இவ்வளவு திறமையாக ஒரு படம் சொல்லுமானால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் எப்படி ஒதுக்குவது?

"பரம்பரையாய் வருவது" என்ற பெயரும் அப்படித்தான். பாட்டனுக்கு இருந்தது, மாமனுக்கு இருந்தது, ஆகவே உனக்கும் தப்பாது என்னும் பயம், மனநோய் கண்ட குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளை வாட்டுகின்றது. அந்த நோயில் வம்சத்துக்குப் பங்குண்டு என்பது மெய்தான். ஆனால் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு அந்த நோய் கண்டால், மற்றவருக்கும் காணுவது சுமார் பாதிக்குள்ளாகவே இருக்கின்றது. வம்சமே விதியானால் அது நூற்றுக்கு நூறாக அல்லவா இருக்கவேண்டும்?

இப்பேயின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனோம். அங்கே நாம் எதிர்பாராத ஒரு வேடிக்கை கிடைத்தது. பைமன் என்பவனைப் பற்றி அச்சில் வந்த பழைய விவரங்களில் முக்கியமானது யோஹான் வையர் என்னும் வைத்தியருடைய புஸ்தகத்தில் இருக்கின்றது. கிரீடம் சூடி ஒட்டகத்தின் மேல் ஏறி வருவானாம். இருநூறு பேய்ப் படைகள் அவனுக்கு உண்டாம். வையர் ஐரோப்பாவில் கிளீவ்ஸ் பிரபுவின் அரண்மனை வைத்தியர். சூனியக்காரிகள் என்று சொல்லி ஏழைக் கிழவிகளை உயிரோடு கொளுத்திக் கொண்டிருந்த காலத்தில், 1563-ல், இவர்களில் பலர் சித்தம் கலங்கிய நோயாளிகள், இவர்களுக்கு வேண்டியது வைத்தியர், நெருப்பல்ல என்று துணிந்து எழுதியவர். பேய்களுக்கு ராஜா, பிரபு, படை, பட்டாளம் என்று ஜாப்தா போட்டு வைத்திருந்த மந்திரவாதிகளின் மடமையை ஊரார் பார்க்கட்டும் என்றே 1577-ல் அந்தப் பட்டியலைத் தம் புஸ்தகத்தின் பின்னால் சேர்த்தார். இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் 1584-ல் அதையே இங்கிலீஷில் போட்டுக் கேலி செய்தார். கடைசியில் நடந்தது என்ன? கேலிக்காக அச்சிட்ட பட்டியலிலிருந்து பின்னால் வந்த மந்திரப் புஸ்தகக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து சினிமாவுக்கும் வந்து சேர்ந்தது. சித்தம் கலங்கியவளைக் கொளுத்தாதே என்று சொன்ன வைத்தியரின் ஏட்டிலிருந்த பெயரைக் கொண்டே, சித்தம் கலங்கியதல்ல, பேய்தான் என்று படம் எடுத்திருக்கிறார்கள்! வையர் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாரோ அழுதிருப்பாரோ.

கதைதானே, கதையில் பேய் வரக்கூடாதா, துக்கத்தைத்தான் பேயாக உருவகப்படுத்தியிருக்கிறார் என்று சில படித்த நண்பர்கள் சமாதானம் சொல்லுகின்றார்கள். படத்தைத் தடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் ஆசாமிகள் நாமல்ல. உருவகம் என்பதையும் ஒத்துக்கொள்ளுவோம். ஆனால் உருவகமென்றால் துக்கத்தைப் பற்றி அது ஏதாவது விளக்க வேண்டும். இந்தப் பேய் விளக்குவதெல்லாம், துக்கப்பட்டவர்களுக்குத் தப்ப வழியில்லை, சந்தேகப்படுகிறவன் முதலில் சாவான் என்பது மாத்திரமே. இதை ஒரு மதப்பிரசாரகன் சொன்னால் கோபம் வருகின்றது. கலை என்ற பெயரால் சொன்னால் மாத்திரம் கைதட்ட வேண்டுமா?

துக்கமும் சந்தேகமும் ஒரே நெஞ்சில் இருக்க முடியாது என்று நினைப்பவர்களுக்கு ஹூடினியின் சரித்திரத்தைச் சொல்லுவோம். பூட்டு, விலங்கு, பெட்டி எதிலிருந்தும் தப்பி வரும் அந்த மகா வித்தைக்காரர் தாயிடத்தில் அளவற்ற பிரியம் வைத்திருந்தவர். 1913-ல் தாய் இறந்தாள். அவளோடு ஒரு வார்த்தை பேச முடியுமானால் எதையும் கொடுக்கத் தயாராயிருந்தார். 1922-ல் அட்லாண்டிக் சிட்டியில் கானன் டாயிலின் மனைவி, உன் தாயின் ஆவி வந்திருக்கின்றது என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தாள். ஏட்டின் தலைப்பில் சிலுவை. எழுத்து முழுவதும் இங்கிலீஷ். ஹூடினியின் தாயோ யூதப் புரோகிதரின் மனைவி. இங்கிலீஷ் தெரியாதவள் என்று ஹூடினியே சொன்னார். நம்ப வேண்டும் என்று மனம் கேட்டது, நம்புவதற்கு ஆதாரம் இல்லை, அவர் நம்பவில்லை. அதன் பிறகு ஊர் ஊராகப் போய் மீடியங்களின் தந்திரங்களை அம்பலப்படுத்தினார். 1926-ல் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி முன் சாட்சியும் சொன்னார்.

அந்த வருஷம் அக்டோபர் 31-ந் தேதி அவர் இறந்தார். முடிந்தால் வந்து பேசுவேன் என்று மனைவி பெஸ் அம்மாளிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த அம்மாள் பத்து வருஷம் விடாமல் கூப்பிட்டுப் பார்த்தாள். 1936-ல் ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டல் மாடியில் கடைசித் தடவையாகக் கூப்பிட்டு, பதில் வராமற் போகவே, கணவன் படத்தின் பக்கத்தில் வைத்திருந்த விளக்கை அணைத்து, இனி நான் கூப்பிடுவதில்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். வித்தைக்காரர்கள் மாத்திரம் வேடிக்கைக்காகவும் ஞாபகார்த்தமாகவும் அந்தத் தேதியில் கூடி அவரைக் கூப்பிடுவதை ஒரு வழக்கமாக வைத்திருக்கிறார்கள். இதுவரையில் ஹூடினி வரவில்லை.